‘வேற அடாப்டர் வாங்கிக்கச் சொல்லுங்க’: டிரைவரிலுமா தகுதி, திறமை?

‘வேற அடாப்டர் வாங்கிக்கச் சொல்லுங்க.’ லினக்ஸ் தெரிந்த தோழர்கள் கூடியிருக்கும் இடத்துக்கு, வைஃபை வரவில்லை என்று ஒரு மாணவர் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தால் ஐந்தாவது நிமிடத்தில் இந்தப் பதில் வந்துவிடும். சொல்பவருக்குக் கெட்ட எண்ணம் கிடையாது. ரிச்சி தெருவில் 300, 400 ரூபாய்க்கு வாங்கிய டாங்கிளைத் தூர வைத்துவிட்டு, லினக்ஸில் செருகியவுடன் ஓடுகிற அடாப்டர் ஒன்றை நான்கு மடங்கு விலை கொடுத்து வாங்கினால் சிக்கல் தீரும் என்பது உண்மைதான். அந்த நான்கு மடங்கை யார் கொடுப்பது என்பது மட்டும் பேச்சில் வருவதே இல்லை.

நான் பங்கேற்கும் கட்டற்ற மென்பொருள் குழு சிறியது. கெர்னல் அளவுக்கு சி மொழியில் எழுதக்கூடியவர்கள் என்னையும் சேர்த்து நான்கு பேர். ஆளுக்கு வாரம் நான்கு மணி நேரம் ஒதுக்கி, ஓராண்டுக்கு ஏதாவது ஒரு வயர்லெஸ் அடாப்டர் டிரைவரில் உருப்படியாக வேலை செய்யலாம் என்று முடிவெடுத்தோம். எந்த டிரைவர் என்பதில் இரண்டு மாதமாக இழுபறி. முதல் யோசனை, நெட்வொர்க் பாதுகாப்பு ஆட்கள் கொண்டாடும் ஆர்டிஎல்8812ஏயு சிப்புக்காகக் கெர்னலுக்கு வெளியே வளர்க்கப்படும் டிரைவர். இன்னொருவர், ஃபர்ம்வேர் வரை திறந்த மூலமாக இருக்கும் ஏதெரோஸ் ஏஆர்9271 சிப்பைத் தவிர வேறெதற்கும் உழைக்கக் கூடாது என்றார். மூன்றாமவருக்கு வைஃபை 7. ‘ஃபியூச்சர் அங்கதான் இருக்கு’. நான் நான்காவதாக ஒன்றைச் சொன்னேன்: ரியல்டெக்கின் பழைய, மலிவான யுஎஸ்பி சிப்புகளுக்காகக் கெர்னலுக்குள்ளேயே இருக்கும் ஆர்டிஎல்8எக்ஸ்எக்ஸ்எக்ஸ்யு. (பெயர் வாயில் நுழையாது. இனி ‘எட்டு எக்ஸ்’ என்கிறேன்.)

‘அதுக்கெல்லாம் தகுதி இல்ல தோழர், செத்த டெக்னாலஜி’ என்று பதில் வந்தது.

தகுதி என்ற சொல்லை நமக்குப் புதிதாக யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மண்டல் காலத்திலிருந்து நீட் வரை அது யார் வாயிலிருந்து, எப்போது, யாரை வெளியே நிறுத்துவதற்காக வருகிறது என்பதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். கல்லூரிச் சேர்க்கையில் அந்தச் சொல்லைக் கேட்டால் கொதிக்கிற அதே தோழர்கள், டிரைவர் விஷயத்தில் தாங்களே அதைக் கூசாமல் எடுத்து வீசுகிறார்கள். தொழில்நுட்பம் என்று வந்ததும் அரசியலைச் செருப்போடு சேர்த்து வாசலில் கழற்றி வைத்துவிடுகிறோமோ என்னவோ.

கணினித் துறையில் இல்லாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. டிரைவர் என்பது இயங்குதளத்துக்கும் வன்பொருளுக்கும் நடுவே நிற்கும் நிரல். யுஎஸ்பி துளையில் செருகிய வைஃபை டாங்கிளுக்குள் இருக்கும் சிப்பிடம் ‘இந்த அலைவரிசைக்குப் போ, இந்தப் பொட்டலத்தை அனுப்பு’ என்று அதற்குப் புரியும் வகையில் சொல்வது அதன் வேலை. விண்டோஸுக்கு டிரைவரை நிறுவனமே எழுதிக் கொடுத்துவிடும். லினக்ஸுக்கு நிலைமை வேறு. சில நிறுவனங்கள் முறையாக எழுதிக் கெர்னலில் சேர்க்கின்றன. சில நிறுவனங்கள் லட்சம் வரிகளுக்கு மேல் உள்ள ஒரு மூட்டையை வெளியே தள்ளிவிட்டு, அடுத்த சிப்பைப் பார்க்கப் போய்விடுகின்றன. அந்த மூட்டைக்குள், லினக்ஸில் ஏற்கெனவே இருக்கும் மேக்80211 என்ற பொது அடுக்கைப் பயன்படுத்தாமல், வைஃபை நெறிமுறை முழுவதையும் தாங்களே மறுபடி எழுதி வைத்திருப்பார்கள். ஒரு குழாயை மாட்டச் சொன்னால் தனியாக ஒரு தண்ணீர்த் தொட்டியையே கட்டி வைப்பது மாதிரி.

மூட்டை டிரைவரோடு வாழ்வது எப்படி என்பதைப் பயன்படுத்துபவர் பக்கத்திலிருந்து பாருங்கள். லினக்ஸ் கெர்னலுக்கு நிலையான உள் இடைமுகம் கிடையாது; வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். கெர்னலுக்குள் இருக்கும் டிரைவர்களை, இடைமுகத்தை மாற்றுகிறவரே கூடவே திருத்திவிட வேண்டும். வெளியே இருக்கும் டிரைவரை யாரும் திருத்தித் தரமாட்டார்கள். அது அடுத்த அப்டேட்டில் உடையும். உடைந்தால் கெர்னல் ஹெடர்களும் கம்பைலரும் இறக்கி மறுபடி கட்ட வேண்டும். அதை இறக்க இணையம் வேண்டும். இணையத்துக்குத்தானே டாங்கிள்? அப்புறம் கைபேசியை யுஎஸ்பியில் இணைத்து, ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி என்று எண்ணி எண்ணிச் செலவழிக்கும் டேட்டாவில் அதை இறக்க வேண்டும். செக்யூர் பூட் இயக்கத்தில் இருந்தால் அந்த மாட்யூலுக்குக் கையெழுத்திட்டு, அந்தச் சாவியைப் பதிவு செய்ய ஒரு நீலத்திரையில் ஆங்கிலத்தில் கேட்கும் கேள்விகளைத் தாண்ட வேண்டும். நமக்கு இது ஒரு மாலைப்பொழுது. முதல் தலைமுறையாகக் கணினியைத் தொடும் ஒருவருக்கு ‘லினக்ஸ் நமக்குச் சரிப்படாது’ என்று மூடி வைப்பதற்கு இது போதும்.

அந்த ஒருவர் யார்? தமிழ்நாட்டில் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டம், பின்வந்த ஆண்டுகளில் லட்சக்கணக்கான பிள்ளைகளின் கைக்கு லேப்டாப்பைக் கொண்டுபோனது. தொடக்க ஆண்டுகளில் அதில் விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. அந்த லேப்டாப்களில் பல இன்னும் உயிரோடு இருக்கின்றன. அக்கா படித்துவிட்டுத் தம்பிக்குக் கொடுத்தது, பேட்டரி போய் நேரடி மின்சாரத்தில் ஓடுவது, உள்ளே இருந்த வைஃபை அட்டை செத்துப்போய் டாங்கிள் செருகப்பட்டது. இதற்கிடையே 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாப்ட் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0, புதிய தலைமுறை புராசசர் இரண்டும் இந்த இயந்திரங்களில் கிடையாது. பாதுகாப்புத் திருத்தங்களோடு நீண்ட காலம் ஓட வேண்டுமானால் அவற்றுக்கு லினக்ஸ்தான் நல்ல போக்கிடம். சமூக நீதி விடுதி என்று இப்போது பெயர் மாறியிருக்கும் ஆதிதிராவிடர் நல விடுதிகளில் தங்கிப் படிக்கும் மாணவர்கள், மாலையில் நடக்கும் அம்பேத்கர் படிப்பகங்கள், நன்கொடையாக வந்த பழைய டெஸ்க்டாப்களை வரிசையாக வைத்திருக்கும் சின்ன நூலகங்கள்: ஒரு டிரைவர் ஓடுமா ஓடாதா என்பது அங்கே ஓர் ஆண்டுப் படிப்பின் கேள்வி.

இனி எட்டு எக்ஸ் பற்றி. மலிவு டாங்கிள்களில் சலிக்கச் சலிக்கத் தென்படும் சிப் ரியல்டெக் ஆர்டிஎல்8188இயு. 2013இல் இதற்கான நிறுவன மூட்டையை லாரி ஃபிங்கர் லினக்ஸின் ஸ்டேஜிங் பகுதிக்குள் கொண்டுவந்தார். தரம் போதாத நிரலை உள்ளே வைத்துத் தேற்றுவதற்கான இடம் அது. லாரி ஃபிங்கர் படிகவியல் ஆய்வாளர். ஓய்வுக்காலத்தில் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் லினக்ஸ் வைஃபை டிரைவர்களுக்கு உழைத்தவர். 2024 ஜூனில் இறந்தார். ரியல்டெக், பிராட்காம் சிப் வைத்துக்கொண்டு லினக்ஸில் இணையம் பார்த்தவர்கள் எல்லோருக்கும் அவர் கடன் உண்டு. இதற்கிடையே 2015இல் ஜெஸ் சோரன்சன் எழுதிய எட்டு எக்ஸ் கெர்னலுக்குள் வந்தது. பொது அடுக்கைப் பயன்படுத்தி, நிறுவன மூட்டையிலிருந்து தேவையானதை மட்டும் எடுத்து, சுத்தமாக எழுதப்பட்ட டிரைவர். ஆனால் அதில் 8188இயுவுக்கு ஆதரவு இல்லை.

அடுத்து நடந்ததைக் கவனியுங்கள். ஸ்டேஜிங்கில் இருந்த மூட்டைக்கு ஆண்டுக்கணக்கில் திருத்தங்கள் குவிந்தன. பெரும்பாலும் கெர்னலுக்குப் புதிதாக வருபவர்கள் பழகுவதற்காகச் செய்யும் வேலை: இடைவெளியைச் சரிசெய்வது, மாறிகளின் பெயரை மாற்றுவது. 2021இல் அத்தனையையும் சேர்த்து அந்த டிரைவரையே தூக்கிவிட்டு, நிறுவனத்தின் பிந்தைய பதிப்பை அடிப்படையாகக் கொண்ட இன்னொன்றை அதே இடத்தில் வைத்தார்கள். மறுபடி சுத்தம் செய்யும் படலம். 2023 தொடக்கத்தில் எட்டு எக்ஸுக்கு 8188இயு ஆதரவு கிடைத்தது. அதே ஆண்டு ஸ்டேஜிங் டிரைவர் ஒரேயடியாக நீக்கப்பட்டது. பத்தாண்டு உழைப்பு இரண்டு முறை குப்பைக்குப் போனது என்று இதைச் சொல்லலாம். என் குழுத் தோழர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள், ‘அசிங்கமான கோடுல கை வச்சா இப்படித்தான்’ என்று.

நான் வேறு மாதிரி பார்க்கிறேன். அந்தப் பத்தாண்டும் 300 ரூபாய் டாங்கிளை ஓட்டியது அந்த அசிங்கமான கோடுதான். அழகான கோடு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது. ஆனால் அதிகம் பேர் கையில் இருந்த சிப்பைத் தொடாமல் உட்கார்ந்திருந்தது. ஆகவே மூட்டையைத் தலையில் தூக்கிவைத்து ஆடுவதும் எனக்கு உடன்பாடில்லை, நேர்த்தி ஒன்றே அளவுகோல் என்பதும் உடன்பாடில்லை. உழைப்பு போயிருக்க வேண்டியது நேர்த்தியான டிரைவருக்கு. அந்த டிரைவர் முதலில் போயிருக்க வேண்டியது மலிவான சிப்புக்கு. 2015இல் இதைக் கணக்குப் போட்டு யாராவது கேட்டிருந்தால் ஏழெட்டு ஆண்டு மிச்சம்.

அது முடியாத காரியமும் கிடையாது. அதே 2015இல் யாகுப் கிச்சின்ஸ்கி, மீடியாடெக் எம்டி7601யு என்ற மலிவு டாங்கிள் சிப்புக்குப் பொது அடுக்கைப் பயன்படுத்தும் டிரைவர் எழுதிக் கெர்னலில் சேர்த்தார். விரல் நுனி அளவே இருக்கும் குட்டி டாங்கிள்களில் வரும் சிப் அது. பல ஆண்டுகளாக அந்த டாங்கிளைச் செருகினால் ஓடுகிறது, பேச்சே இல்லை. அவர் இன்று லினக்ஸ் கெர்னலின் நெட்வொர்க் பகுதியின் பொறுப்பாளர்களில் ஒருவர். மலிவுச் சிப்பைத் தொட்டால் ரெஸ்யூமே கெட்டுவிடும் என்று பயப்படும் வைஃபை 7 தோழர் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

தீட்டுக்கு வருகிறேன். இந்தச் சொல்லை நான் இழுத்து வரவில்லை, கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. வெளியிலிருந்து ஒரு மாட்யூலை ஏற்றினால் கெர்னல் தன்னை ‘டெயின்டட்’ என்று குறித்துக்கொள்ளும். தமிழில் தீட்டுப்பட்டது என்றுதான் அதைப் பெயர்க்க முடியும். வெளி மாட்யூலுக்கு ஓர் எழுத்து, ஸ்டேஜிங் மாட்யூலுக்கு ஓர் எழுத்து. ஸ்டேஜிங் குறியின் உள்பெயரில் இருக்கும் ஆங்கிலச் சொல்லுக்குப் பொருள் குப்பை. இதை வைத்துக் கெர்னல் எழுதுகிறவர்கள் சனாதனிகள் என்று பேசினால் அது வெறும் வார்த்தை விளையாட்டு. பிழையைத் தேடும்போது அந்நிய நிரல் உள்ளே இருந்ததா என்று தெரிந்துகொள்ள வேண்டிய தேவை உண்மையானது. என் கவலை அதன் விளைவு பற்றியது. தீட்டுப்பட்ட கெர்னலிலிருந்து வரும் பிழைப் புகாரைப் பெரும்பாலும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். தீட்டில்லாத கெர்னலில் அதே பிழையைக் காட்டு என்பார்கள். மலிவு டாங்கிள் வைத்திருப்பவருக்கு வெளி டிரைவர் இல்லாமல் இணையமே இல்லை. எனவே அவர் கெர்னல் எப்போதும் தீட்டுப்பட்டது, அவர் புகார் எப்போதும் செல்லாது. யாரும் திட்டமிடாமலேயே ஒரு தரப்பினர் குரல் பதிவேட்டிலிருந்து விழுந்துவிடுகிறது. பிறகு அந்தப் பதிவேட்டைப் பார்த்து ‘இந்தச் சிப்பை யாரும் யூஸ் பண்றதில்ல, புகாரே வரல’ என்கிறோம்.

ஏஆர்9271 தோழரோடுதான் எனக்குச் சண்டை அதிகம். அவர் மீதுதான் மரியாதையும் அதிகம். மனிதர் கொள்கைக்காரர். அந்தச் சிப்பின் ஃபர்ம்வேரையும் நிறுவனம் திறந்துவிட்டது, அதில் மூடிய பைட் ஒன்றுகூடக் கிடையாது, ஆகவே விடுதலை பேசுகிறவர்கள் இதற்குத்தான் உழைக்க வேண்டும் என்கிறார். ரியல்டெக் டாங்கிளுக்கு நிறுவனம் தரும் மூடிய ஃபர்ம்வேர் கோப்பு ஒன்று வேண்டும். கைபேசியில் எடுக்கும் ஒரு படத்தின் அளவுகூட இராது. அந்தக் கோப்பு இருப்பதால் டாங்கிளே தீண்டத்தகாதது ஆகிவிடுகிறது.

தூய்மை என்ற சொல்லைக் கேட்டால் எனக்குப் பிறவியிலிருந்தே ஒரு சந்தேகம். கட்டற்ற மென்பொருள் இயக்கத்தில் இந்தத் தூய்மைவாதம் என்ன செய்தது என்பதற்கு டெபியன் உதாரணம் போதும். கட்டற்றதல்லாத ஃபர்ம்வேர் அதிகாரபூர்வ நிறுவல் வட்டில் இருக்கக் கூடாது என்று பல்லாண்டு பிடித்த பிடி. அந்த வட்டைப் போட்டு நிறுவினால் பல லேப்டாப்களில் வைஃபை கண்ணுக்கே தெரியாது. தனியாக ஓர் அதிகாரபூர்வமற்ற வட்டு ஒரு மூலையில் கிடந்தது. விவரம் தெரிந்தவர்களுக்கு மட்டும் அது தெரியும். 2022இல் பொது வாக்கெடுப்பு நடத்தி அந்த விதியை மாற்றினார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12இலிருந்து ஃபர்ம்வேர் கூடவே வருகிறது. கொள்கை செத்துவிட்டதா? மூடிய ஃபர்ம்வேருக்குத் தனிப் பிரிவு வைத்துப் பெயரிட்டு அடையாளம் காட்டுகிறார்கள், வேண்டாதவர் அணைத்துவிடலாம். உள்ளே வரவிட்டுப் பேசுவது ஒரு வழி, வாசலிலேயே நிறுத்திப் பேசுவது இன்னொரு வழி. டெபியன் முதலாவதுக்கு வந்து சேர இத்தனை ஆண்டு ஆனது.

தவிர, ஏஆர்9271ஐ வாங்குவதாவது சுலபமா? டிபி-லிங்க் டிஎல்-டபிள்யுஎன்722என் என்ற அடாப்டரின் முதல் பதிப்பில் அந்தச் சிப்தான் இருந்தது. இரண்டாம் பதிப்பிலிருந்து அதே பெயரில், உள்ளே ரியல்டெக் 8188இயுஎஸ். மாடல் பெயர் மாறவே இல்லை. பதிப்பு எண்ணை ஸ்டிக்கரில் தேடிப் படிக்கத் தெரிந்தவருக்குத்தான் வித்தியாசம் தெரியும். ‘நல்ல அடாப்டர் வாங்கு’ என்ற அறிவுரையைக் கேட்டு, காசு சேர்த்து, சரியான பெயரைச் சொல்லியே வாங்கி வந்தவருக்கும் கிடைப்பது நாம் தகுதியில்லை என்று ஒதுக்கிய அதே சிப்தான்.

அம்பேத்கரைப் படித்தவர்களுக்கு ஒன்றை நினைவூட்டுகிறேன். 1923இல் எஸ்.கே. போலே கொண்டுவந்த தீர்மானத்தைப் பம்பாய் சட்டமன்றம் நிறைவேற்றியது. பொதுக் குளங்களையும் கிணறுகளையும் தீண்டத்தகாதோர் என்று ஒதுக்கப்பட்டவர்களும் பயன்படுத்தலாம் என்றது அது. அடுத்த ஆண்டு மகாத் நகராட்சியும் சவுதார் குளத்தைத் திறந்துவிட்டதாகத் தீர்மானம் போட்டது. காகிதத்தில் குளம் திறந்துதான் இருந்தது. 1927 மார்ச் 20 அன்று ஆயிரக்கணக்கான மக்களோடு அம்பேத்கர் நடந்துபோய்த் தண்ணீரைக் கையில் அள்ளும்வரை அங்கே ஒரு சொட்டு எடுக்க முடியவில்லை. அள்ளிய பிறகு அடி விழுந்தது என்பதும் தெரியும். தண்ணீரையும் வைஃபையையும் ஒரே தராசில் வைக்க நான் முட்டாள் இல்லை. ‘மூலநிரல் திறந்துதானே இருக்கு, யார் வேணா எடுத்துக்கலாமே’ என்ற வாதத்துக்கு மட்டும் இதைச் சொல்கிறேன். உரிமத்தில் திறப்பது போதும் என்று நினைப்பவர்கள் நகராட்சித் தீர்மானத்தோடு நின்றுவிடுகிறார்கள்.

8812ஏயு யோசனைக்கு அதிக நேரம் வேண்டாம். அது கேட்கப்படுவது மானிட்டர் முறைக்கும் பொட்டலம் செலுத்துவதற்கும். அதாவது காற்றில் போகும் வைஃபை பொட்டலங்களைப் பிடித்துச் சோதிப்பவர்களுக்கு. நல்ல வேலை, தேவையான வேலை. ஆனால் அவர்களுக்கு ஏர்கிராக் திட்டம் வளர்த்த டிரைவர் இருக்கிறது, ஆள்பலம் இருக்கிறது, வெளி டிரைவரைக் கட்டத் தெரிந்த கையும் இருக்கிறது. போதாக்குறைக்கு 2025இல் அதே சிப்புக்குக் கெர்னலுக்குள்ளேயே ஆர்டிடபிள்யு88 டிரைவரில் ஆதரவு வந்துவிட்டது. இனியும் வெளி மூட்டைக்கு நம் பதினாறு மணி நேரத்தைக் கொட்டுவது எனக்கு விளங்கவில்லை.

நான் மதிக்கும் எதிர்வாதம் ஒன்று உண்டு. ‘லாபம் பார்க்கிறது ரியல்டெக், நாம எதுக்கு அவனுக்கு ஓசியில வேல செய்யணும்?’ இடதுசாரித் தோழர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. இன்று ரியல்டெக் பொறியாளர் ஒருவர்தான் லினக்ஸில் அந்த நிறுவனத்து வைஃபை டிரைவர்களின் பொறுப்பாளர், புதிய சிப்புகளுக்கான டிரைவர்களை நிறுவனமே எழுதுகிறது. பழைய சிப் விற்றுத் தீர்ந்த கணக்கு. அதற்குச் சம்பளம் கொடுத்து ஆள் வைக்கக் கம்பெனிக்கு எந்த அவசரமும் இல்லை. நாம் செய்யாவிட்டால் ரியல்டெக்குக்கு நட்டம் எதுவும் வராது. நட்டப்படுவது டாங்கிளை வைத்திருப்பவர். வேலைநிறுத்தம் என்றால் முதலாளிக்கு வலிக்க வேண்டும் அல்லவா?

ஓசி வேலை பற்றிய கேள்வியின் இன்னொரு முகம்தான் என்னை உறுத்துகிறது. ஓசியில் வேலை செய்ய யாரால் முடியும்? மாலை ஆறு மணிக்கு மேல் பகுதிநேர வேலைக்குப் போக வேண்டியிராதவர், சொந்த லேப்டாப் உள்ளவர், அறுபடாத இணையம் உள்ளவர், ஆங்கிலத்தில் வரும் கடுகடுப்பான பதில்களைத் தாங்கிக்கொண்டு மறுபடி எழுதத் துணிந்தவர். ‘பேச்சு வேண்டாம், கோடைக் காட்டு’ என்பது அந்த உலகத்தின் பெருமை. கோடைக் காட்டும் நிலைக்கு வருவதற்கு முன் செலவாகும் ஓய்வு நேரத்தின் கணக்கு எந்தக் கமிட்டிலும் பதிவாவதில்லை. ‘மெரிட்டாக்ரசி’ என்ற சொல்லைப் பொறித்த கம்பளத்தைத் தன் அலுவலகத்தில் விரித்து வைத்திருந்த கிட்ஹப், எதிர்ப்பு எழுந்த பிறகு 2014இல் அதைச் சுருட்டி எடுத்தது. கம்பளம் போய்விட்டது. நம் குழுக்களில் அது கண்ணுக்குத் தெரியாமல் இன்னும் விரிந்தே கிடக்கிறது. ஐஐடி சென்னையில் தகுதி என்பது எப்படிச் சாதியின் மறுபெயராகச் செயல்பட்டது என்று அஜந்தா சுப்பிரமணியன் ஒரு நூலே எழுதியிருக்கிறார். அதைக் கூடிப் படித்து விவாதித்த நாங்கள், நிரல் எழுதுகிறவர் மட்டுமே பங்களிப்பாளர் என்ற கணக்கை ஒரு நாளும் கேள்வி கேட்டதில்லை.

எட்டு எக்ஸை நான் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம். அந்த டிரைவரைக் கட்டும்போது ‘சோதிக்கப்படாத சாதனங்களையும் சேர்’ என்று ஒரு தனித் தெரிவே உண்டு. வன்பொருள் கையில் இல்லாததால் யாரும் ஓட்டிப் பார்க்காத டாங்கிள்கள் அந்தப் பட்டியலில் நிற்கின்றன. அவை இருக்குமிடம் எங்கே? எந்த ஐரோப்பிய டெவலப்பரின் மேசையிலும் தேட வேண்டாம். விடுதி அறைகளில், படிப்பக அலமாரிகளில், ரிச்சி தெரு நடைபாதைத் தட்டுகளில் கிடக்கின்றன. ஒரு டாங்கிளைச் செருகி, இணைப்பு நிற்கிறதா, பக்கத்து அறைக்குப் போனால் அறுகிறதா, தூங்கி எழுந்தால் மீள்கிறதா என்று பார்த்து எழுதி அனுப்ப சி மொழி தெரிய வேண்டாம். கெர்னல் திருத்தங்களில் சோதித்தவர் பெயரையும் புகார் சொன்னவர் பெயரையும் எழுதும் மரபு ஏற்கெனவே இருக்கிறது. நேர்த்தியான பெயர் வரிசையில் ஒரு விடுதி மாணவியின் பெயர் வருவது எனக்கு எந்த வைஃபை 7 வேகத்தைவிடவும் பெரிய விஷயம்.

‘2.4 கிகாஹெர்ட்ஸ், 150 எம்பிபிஎஸ், எவன் யூஸ் பண்றான்?’ என்கிறார்கள். விடுதிக்கு வரும் மொத்த இணைப்பையும் ஐம்பது பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு எவ்வளவு வரும் என்று அவர்களே கணக்குப் போடட்டும். டாங்கிளின் வேகம் அங்கே தடையே இல்லை.

கெர்னலுக்குள் சேர்த்துவிட்டால் வேலை முடிந்துவிடும் என்ற மாயையும் வேண்டாம். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13 ஓடுவது 6.12 கெர்னலில். 8812ஏயு, 8821ஏயு சிப்புகளுக்கான ஆதரவு சேர்ந்ததோ 6.14இல். அதாவது சாதாரணமாக டெபியனை நிறுவுகிறவருக்கு அது கிடைக்காது. பேக்போர்ட் கெர்னலை எடுக்கத் தெரிந்தால்தான் கிடைக்கும். ஆகவே நம் உழைப்பில் ஒரு பங்கு, மேலே சேர்ந்ததை மக்கள் நிறுவும் பதிப்புகளுக்குக் கொண்டுவந்து சேர்க்கும் சலிப்பான வேலைக்கும் போக வேண்டும். அதற்குக் கைதட்டு கிடைக்காது. தமிழில் இரண்டு பக்கக் கையேடும் வேண்டும்.

வரும் ஞாயிற்றுக்கிழமை குழு மறுபடி கூடுகிறது. அதற்குள் நான் ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறேன். டாங்கிளைச் செருகி, டெர்மினலில் எல்எஸ்யுஎஸ்பி என்ற கட்டளையைக் கொடுத்தால் வரும் எண்ணைச் சேகரிக்கிறேன். 0பிடிஏ என்று தொடங்கினால் ரியல்டெக். தொடர்ந்து 8179 என்றிருந்தால் 8188இயு, 8176 என்றிருந்தால் அதற்கும் மூத்த 8188சியுஎஸ். 1ஏ2பி என்று வந்தால் பதற வேண்டாம், டாங்கிள் தன்னை விண்டோஸ் டிரைவர் அடங்கிய சிடி என்று காட்டிக்கொண்டிருக்கிறது. மாற்றிவிட்டால் உண்மை எண் தெரியும். மூன்று விடுதிகளிலும் இரண்டு படிப்பகங்களிலும் தோழர்கள் எடுக்கத் தொடங்கிவிட்டார்கள். உங்கள் விடுதியிலும் எடுத்து, டாங்கிள் வாங்கிய விலை, ஓடுகிற லினக்ஸின் பெயர், கெர்னல் எண் ஆகியவற்றோடு இந்தத் தளத்துக்கு எழுதி அனுப்புங்கள். டாங்கிள் ஓடவில்லை என்றாலும் அனுப்புங்கள்; அதுதான் முதலில் வேண்டும்.